ஃப்ரெட் இல்லாத பேஸ்: வாங்குபவர்களும் செய்ய நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. நானும், முப்பது வருடம் கதவு நிலை செய்துவிட்டு என்னோடு சேர்ந்த ஆசாரி அண்ணனும் கையால் ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார், அதாவது ஃப்ரெட் இல்லாத, கீழ் ஸ்தாயியில் பேசும் கிட்டார், செய்து விற்கிறோம். வருடத்துக்கு ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு. போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் அரைமணி நேரம் மிச்சம்.

ஃப்ரெட்லெஸ் என்றால் என்ன?

கிட்டார் நெக்கின் (நீண்ட கழுத்துப் பகுதியின்) குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். அவை இல்லாமல் வெறும் மரமாக இருந்தால் ஃப்ரெட்லெஸ். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட் உள்ள பேஸில் விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சுருதியைக் கம்பி பார்த்துக்கொள்ளும். இதில் விரல் எங்கேயோ சுருதி அங்கே.

ஃப்ரெட் கம்பியும் மிச்சம், அதைப் போடுகிற வேலையும் மிச்சம். அப்போ விலை குறையணுமே?

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். ஒரு பேஸுக்கு ஃப்ரெட் கம்பி ஒன்றரை மீட்டர் போதும். அது பெரிய காசு இல்லை. வேலையோ குறைவதற்குப் பதில் கூடுகிறது. ஃப்ரெட் போட்ட பேஸில் அடியில் இருக்கும் மரம் அங்கங்கே மயிரிழை மேடு பள்ளமாக இருந்தாலும் தெரியாது. கம்பிகளின் தலையை அரத்தால் சமன் செய்துவிட்டால் போதும், தந்தி அவற்றைத்தான் தொடப்போகிறது. ஃப்ரெட்லெஸ்ஸில் தந்தி தொடுவது மரத்தை. தலைப்பக்கம் தந்தி ஏறி நிற்கும் நட் என்ற துண்டிலிருந்து ஃபிங்கர்போர்டின் (விரல் அழுத்தும் பலகையின்) கடைசி வரை எந்த இடத்திலும் தொடலாம். அதனால் ஓர் இடத்தையும் விட முடியாது.

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். பலகை மேல் வெள்ளைப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குவோம். பலகை ஈட்டி மரம், அது கறுப்பாக இருப்பதால் சாதாரணப் பென்சில் தெரியாது. உப்புத்தாள் ஒட்டிய அலுமினியச் சட்டத்தை நெக்கின் நீளவாக்கில் இழுப்போம். மேட்டில் வெள்ளை அழியும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். முழுதும் ஒன்றுபோல அழியும்வரை இழுக்க வேண்டும். அப்புறம் எஃகு ஸ்கேலைப் பலகை மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் இருக்கும் ட்யூப்லைட் வெளிச்சம் அடியில் கசிகிறதா என்று பார்ப்போம். ஆசாரி அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஏழாவது எடத்துல கசியுது பாரு" என்பார். ஏழாவது ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடம் என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் தெரியாது. ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே போகும். மறுபடி பென்சில். இதற்கே முழுதாக இரண்டு நாள் போய்விடும். நெக்கை ஒரு வாரம் சும்மா சாத்தி வைத்துவிட்டு, அது திரும்பிக்கொண்டதா என்று பார்த்து, இன்னொரு நாள் இழுப்போம்.

பாடியின் (உடல் கட்டையின்) அழகைப் போட்டோவில் பார்த்துத்தான் எல்லோரும் போன் செய்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் கூலியில் ஒரு பெரிய பங்கு போவது அந்த மூன்று நாளுக்கு.

சரி, விலைதான் என்ன?

நான்கு தந்தி 95,000 ரூபாயில் தொடங்கும். ஐந்து தந்திக்கு 15,000 கூடுதல். கணக்கைத் திறந்தே வைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ட்யூனர் (பிருடை), பிரிட்ஜ் (தந்தியைத் தாங்கும் பாலம்), பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் தண்டு), கார்பன் தண்டுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 33,000. மரம் 14,000. ஸ்ட்ரிங் செட் 4,000. கெட்டியான பெட்டி 8,000. மிச்சம் 36,000. இரண்டு பேருமாக ஒரு பேஸுக்கு 120 மணி நேரம் உழைக்கிறோம், மணிக்கு 300 ரூபாய் விழுகிறது. கரண்ட் பில்லும் உளி தீட்டும் கல்லும் அதற்குள்தான்.

மியூசிக் கடையில் வைத்து விற்கலாமே என்று சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். கடைக்காரர் கேட்கும் கமிஷனைக் கொடுத்தால் எங்கள் கூலியில் பாதி போய்விடும். கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் உங்களிடம் கூடுதலாக வாங்க வேண்டும். இரண்டிலும் மனசில்லை.

முன்பணம் எவ்வளவு? எத்தனை நாளில் கிடைக்கும்?

40,000 முன்பணம். அதை வாங்கியதும் பிக்கப், ட்யூனர் எல்லாம் ஆர்டர் போட்டுவிடுவேன், அதனால் திருப்பித் தர முடியாது. மீதியை வாசித்துப் பார்த்த பிறகு கொடுக்கலாம். இரண்டு தவணையாகக் கேட்டாலும் சரி. ஐந்து மாதம் ஆகும். 120 மணி நேர வேலைக்கு ஐந்து மாதமா என்றால், ஒட்டிய நெக்கையும் சமன் செய்த பலகையையும் நடுநடுவே ஓய்வெடுக்க விடுகிறோம். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது.

'ம்ம்வாங்' என்று மலர்ந்து வருமே அந்தச் சத்தம், அது எதனால்?

தம்புராவுக்கு ஜீவா சேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்து, சத்தம் திடீரென்று விரிந்து வரும்வரை மெல்ல நகர்த்துவார்கள். அங்கே நடப்பது இதுதான்: தந்தி கூர்மையான விளிம்பில் முடியாமல், அகலமான, லேசாக வளைந்த பரப்பில் உரசி உரசி முடிகிறது. அந்த உரசல் மேல் ஸ்தாயி ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிவிடுகிறது.

ஃப்ரெட்லெஸ்ஸிலும் இதே கதைதான். உங்கள் விரலுக்கு முன்னால் இருக்கும் மரத்தைத் தந்தி மிகச் சின்னக் கோணத்தில் கடந்து போகிறது. அதிரும்போது அந்த மரத்தை லேசாகத் தடவுகிறது. தட்டினால் கரகரப்பு, தடவினால் 'ம்ம்வாங்'. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தாள் கனம்தான். அதற்காக நெக்கில் வளைவை 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் நிறுத்துகிறோம். பன்னிரண்டாவது இடத்தில் தந்தியின் உயரம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். நட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. பலகை சமமாக இல்லாவிட்டால் இவ்வளவு தாழ்த்த முடியாது; தாழ்த்தாமல் அந்தச் சத்தமும் வராது. முன்பு சொன்ன பென்சில் வேலை எல்லாம் இதற்காகத்தான்.

கோடு போட்டது வாங்கலாமா, போடாததா?

கோடு என்பது ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் பதிக்கும் மெல்லிய மேப்பிள் பட்டை, அரை மில்லிமீட்டர் கனம். கோடு போட்டது கற்றுக்குட்டிகளுக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை மதிப்பதில்லை. மேடையில் இருட்டில், புகை போட்ட வெளிச்சத்தில் வாசிப்பவருக்குக் கோடு ஒரு கைப்பிடிச் சுவர்.

ஆனால் ஒரு விஷயம். ஃப்ரெட் பேஸில் விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பழகியிருப்பீர்கள். இதில் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சர்ச்சில் வாசிக்கும் தம்பி ஒருவர் பேஸை வாங்கிப்போய் மூன்றாம் நாள் போன் செய்தார். "அண்ணா, எல்லா ஸ்வரமும் கம்மியா பேசுது. கோடு தப்பா போட்டுட்டீங்களா?" வீடியோ அனுப்பச் சொன்னேன். விரல் நுனி கோட்டுக்குப் பின்னால் அரை அங்குலத்தில் நின்றது. பதினைந்து வருடப் பழக்கம், பாவம். விரலைக் கோட்டுக்கு மேலே கொண்டுவரச் சொன்னதும் சரியாகிவிட்டது.

தவறு எவ்வளவு கேட்கும் என்பதற்கு ஒரு கணக்கு. எங்கள் பேஸின் ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம்) 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். நட்டிலிருந்து முதல் ஸ்வரம் 48.5 மில்லிமீட்டரில் வரும், மேல் ஸ்தாயி சரியாக நடுவில் 431.8-ல். நட்டுக்குப் பக்கத்தில் விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் சுருதி 2 செண்ட் மாறும். நடுவில் அதே ஒரு மில்லிமீட்டருக்கு 4 செண்ட். ஒரு அரைஸ்வரம் 100 செண்ட். மேலே போகப் போக விரல் இன்னும் நிதானமாக வேண்டும் என்பது கையில் வந்த பிறகுதான் புரியும்.

கோடு வேண்டாம் என்றால் நெக்கின் பக்கவாட்டில் இடம் காட்டும் புள்ளிகளை எங்கே வைப்பது என்று ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்வரம் பேசும் இடத்திலேயே புள்ளி வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஃப்ரெட் பேஸ் போல இரண்டு இடத்துக்கு நடுவில் வேண்டும் என்றாலும் செய்வோம். சொல்லாமல் விட்டுவிட்டு வந்த பிறகு மாற்றச் சொன்னால் முடியாது. துளை போட்டது போட்டதுதான்.

என்ன மரம் போடுகிறீர்கள்?

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி அல்லது கருங்காலி. ஈட்டி கொஞ்சம் மிருதுவான பேச்சு. கருங்காலி தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். சத்தம் கூர்மையாக, நீண்டு நிற்கும், தேய்மானமும் குறைவு. இப்போது மரக்கடையில் கருங்காலி என்று கேட்டாலே "மாலை கட்டவா சார்?" என்கிறார்கள். எல்லோர் கழுத்திலும் அது ஏறிய பிறகு நல்ல துண்டு கிடைப்பது பெரும்பாடு.

நெக்குக்குத் தேக்கு, நடுவில் இரண்டு ஈட்டிப் பட்டை, உள்ளே கார்பன் தண்டு இரண்டு, நடுவே ட்ரஸ் ராட். நான்கு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுக்கும், அதை ராப்பகலாகத் தாங்க வேண்டும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே பசை போட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து போட்டால் பிடிக்காது. கதவு ஒட்டும் சாதாரண வெள்ளைப் பசையும் இதற்கு ஆகாது. ஓயாத இழுவையில், சித்திரை வெயிலில் காருக்குள் இருக்கும்போது, அது மெல்ல நழுவும்.

பாடிக்குப் பலா, இல்லையென்றால் சந்தன வேம்பு. பலாவைத் தஞ்சாவூர் வீணைக்குக் கடைந்து கடைந்து பழகிய ஊர் நம்முடையது, கிட்டாருக்கு மட்டும் எதற்குக் கப்பலில் மரம் வரவேண்டும் என்றுதான் தொடங்கினேன். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகப் பழுப்பாகும். மின்சாரப் பேஸில் பாடி மரம் சத்தத்தை எவ்வளவு மாற்றும் என்பதில் பெரிய சண்டையே நடக்கிறது. என் காதுக்குப் பலகையும் தந்தியும் பிக்கப் இருக்கும் இடமும் முன்னே வரும். பாடி மரம் தோளுக்குக் கனம் தருவதில்தான் முதலில் தெரியும்.

ஈட்டி மரம் சட்டப்படி சரியா? வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே போட்டுக் காப்பாற்றிய மரம் அது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது என்று இருந்தது. அதனால் பில் இல்லாத மரத்தைத் தொடுவதில்லை. கொஞ்சம் புது மரம், மிச்சம் இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் நிலையும். பழைய மரத்தில் ஆணி இருக்கும், ரம்பத்தின் பல் போகும். ஆனால் இரண்டு தலைமுறையாகக் காய்ந்த மரம்.

வெளிநாட்டு விஷயம்: அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் 2017 ஜனவரியில் ஈட்டியின் மொத்தக் குடும்பத்தையும், டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும், கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு கிட்டாரை எல்லை தாண்டி அனுப்பக்கூடப் பெர்மிட் கேட்டார்கள், உலகம் முழுக்க கிட்டார் செய்கிறவர்கள் திண்டாடினார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் 1992-ல் வந்த பழைய கெடுபிடி அப்படியே இருக்கிறது. அதை நாங்கள் தொடுவதே இல்லை. ஆக, அனுப்பலாம். மரம் வாங்கிய பில்லின் நகலையும் பெட்டியில் வைத்து அனுப்புவேன். உங்கள் ஊர்ச் சுங்க வரி உங்கள் பொறுப்பு.

ஜாக்கோ மாதிரி சத்தம் வருமா? அவர் போல எபாக்சி பூசித் தருவீர்களா?

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் கம்பெனி ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டு, பள்ளங்களை மரப்பூச்சால் அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியை (கல்லாக இறுகும் பிசினை) பலகையில் பூசினார். 1976-ல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் சேர்ந்ததும் அந்த வருடம்தான். அதற்குப் பிறகு ஃப்ரெட்லெஸ் என்றாலே அவர் சத்தம் என்று ஆகிவிட்டது. ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், அதற்கு மேலேயே மீட்டும் விரல், கல் போன்ற பூச்சு: இவ்வளவையும் நான் தரலாம். மிச்சத்துக்கு நீங்கள் உட்கார வேண்டும்.

எபாக்சிக்கு 6,000 கூடுதல். ஐப்பசி, கார்த்திகையில் பூச மாட்டேன். ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வந்து உட்காரும். துடைக்காமல் அடுத்த பூச்சுப் பூசினால் உரிந்து வரும். எனக்கென்று செய்தால் பூச்சில்லாத ஈட்டிதான். விரலுக்கடியில் மரம் மரமாக இருப்பது பிடிக்கும். அவரவர் விருப்பம்.

முதன்முதலில் இதைச் செய்தது யார்?

வேடிக்கை என்னவென்றால், 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸுக்குப் 'பிரிசிஷன்' என்று பெயர் வந்ததே ஃப்ரெட் இருந்ததால்தான். டபுள் பேஸில் (நிறுத்தி வைத்து வாசிக்கும், வயலின் போன்ற பெரிய வாத்தியம்) சுருதிக்குத் திண்டாடியவர்களுக்கு அச்சான சுருதி. பத்து வருடம் கழித்து, பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவில் சேர்ந்த பில் வைமன் ஒரு மலிவான பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கினார். புதிது போடத்தான் பிடுங்கினார், சத்தம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். கம்பெனி செய்து விற்ற முதல் ஃப்ரெட்லெஸ் 1966-ல் வந்த ஆம்பெக் ஏ.யூ.பி-1. ஃபெண்டர் 1970-ல்தான் ஃப்ரெட்லெஸ் பிரிசிஷனைக் கொண்டுவந்தது. அதாவது பெயருக்கே எதிரான பேஸ்.

தந்தி எது போடுவது?

ஃப்ளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) பலகையைத் தேய்க்காது, சத்தம் உருண்டையாக வரும். ரவுண்ட்வுண்ட் பளிச்சென்று பேசும், ஆனால் பூச்சில்லாத பலகையில் அரம் போல வேலை செய்யும். இரண்டு மூன்று வருடத்தில் பலகையில் தடம் விழும், திரும்பச் சமன் செய்ய வேண்டிவரும். எங்களிடம் வாங்கிய பேஸுக்கு முதல் முறை அது இலவசம். நைலான் சுற்றிய தந்தி டபுள் பேஸ் ஆசை உள்ளவர்களுக்கு. அவர்கள் கூடவே பிரிட்ஜில் பைசோ (அழுத்தத்தை உணரும்) பிக்கப்பும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) உர்ர்ர் என்று இரைகிறது. பேஸில் கோளாறா?

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் முதலில் சுவரில் இருக்கும் பிளக்குக்கு எர்த் உண்டா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். நைலான் தந்தி போட்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, கை உலோகத்தைத் தொடவே தொடாது. இரைச்சலைத் தடுக்கப் பிக்கப் குழிகளுக்கு உள்ளே செப்புத் தகடு ஒட்டித்தான் அனுப்புகிறோம்.

இதில் கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆசைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். வீணையில் கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறோம். இதில் வயலின் போல வழுக்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் அந்தர காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு, அதாவது நான்காவது இடத்திலிருந்து ஐந்தாவதுக்கு, 38 மில்லிமீட்டர் தூரம். வயலினில் இது ஒரு விரல் அசைவு, இங்கே முழங்கையே ஆட வேண்டும். சங்கராபரண மத்யமத்தை அங்கே வேகமாக அசைக்கப் பார்த்தால் ஊஞ்சல் ஆடுவது போல இருக்கும். ஒரு ஸ்தாயி மேலே போனால் தூரம் பாதி, 19 மில்லிமீட்டர். அங்கே கை கேட்கும்.

அதனால் ராகம் வாசிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஐந்து தந்தி. ஐந்தாவது கீழே பி வேண்டாம், மேலே சி போடுங்கள். கூடவே ஸ்கேலை 30 அங்குலமாகக் குறைத்தால் இன்னும் சுகம். கீழே உள்ள தந்திகளைச் சுருதிக்கு விட்டுவிடலாம். துரித பிருகாக்கள் கீழ் ஸ்தாயியில் குழம்பும், அதை எந்தப் பட்டறையும் சரிசெய்ய முடியாது. விளம்பத்தில், கனமான ராகத்தில், நீண்ட ஜாருவில் (வழுக்கலில்) இது பேசுவது தனி. சென்ற வருடம் ஒரு வயலின் வித்வான் வந்தார். பேஸைத் தொட்டதே இல்லை என்றார். பத்து நிமிடத்தில் சஹானா ராகத்தைப் பிடித்துவிட்டார். பேஸ் வாசிப்பவர்களுக்கு ஆறு மாதம் ஆகும் சுருதிக் காது அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

மழைக்காலத்தில் தந்தி உயர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், திரும்பவும் விடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக நிலைத்தால் மரத்துக்குள் ஏறக்குறைய 13 சதவீத ஈரம் நிற்கும். காற்று 30 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் 6-க்கு வரும். சென்னையில் வாசிக்கும் பேஸ் எங்கள் பட்டறையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வளையத்தான் செய்யும். கூடவே அனுப்பும் ஆலன் சாவியால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்குங்கள். ஒருநாள் விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், பயமாக இருந்தால் வீடியோ கால் போடுங்கள்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். நான் விற்ற இரண்டாவது பேஸ் டெல்லிக்குப் போனது. மரத்தை விற்றவர் "நல்லா காய்ஞ்சது சார்" என்றார், நானும் நம்பினேன். மே மாத டெல்லி வெயிலில் நெக் முறுக்கிக்கொண்டது. மெல்லிய ஜி தந்திப் பக்கம் படுத்துவிட்டது, கனத்த இ தந்திப் பக்கம் எழுந்து நின்றது. வளைவை ட்ரஸ் ராட் சரிசெய்யும், முறுக்கை எதுவும் சரிசெய்யாது. புது நெக் செய்து என் செலவில் அனுப்பினேன். அன்றைக்கே ஈரம் அளக்கும் மீட்டர் வாங்கினேன். இப்போது 10 சதவீதத்துக்கு மேல் காட்டும் துண்டு ரம்பத்துக்குப் போகாது. பழைய நெக் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது.

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஹீட்டர் போட்ட அறையில் மரம் சுருங்கும்போது ஃப்ரெட் பேஸில் கம்பி முனைகள் வெளியே துருத்திக் கையைக் கிழிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

என்னிடம் இருக்கும் பழைய பேஸையே ஃப்ரெட்லெஸ் ஆக்கலாமா? நானே செய்யலாமா?

ஆக்கலாம். இந்தத் தொழிலைக் கற்க நினைப்பவர்களுக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். புது பேஸ் செய்து மரத்தை வீணாக்காதீர்கள். நான்காயிரம் ஐயாயிரத்துக்குக் கிடைக்கும் பழைய பேஸ் ஒன்றை வாங்குங்கள். சால்டரிங் அயர்னை ஃப்ரெட்டின் மேல் வைத்துச் சூடேற்றுங்கள், பழைய பசை இளகும். வாய் தட்டையாக அரைத்த கட்டிங் பிளேயரை ஓரத்தில் நுழைத்து, இழுக்காமல், அழுத்தி அழுத்தி நகர்த்திக்கொண்டே போங்கள். இழுத்தால் பலகைச் சில்லு பெயர்ந்து வரும். வந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், அதே இடத்தில் சூப்பர் க்ளூவால் ஒட்டிவிடலாம். பள்ளங்களில் மேப்பிள் பட்டையை ஒட்டிச் சீவுங்கள். பட்டை போடாமல் பள்ளத்தைக் காலியாக விட்டால் தந்தியின் இழுவையில் நெக் முன்பக்கமாக வளையும். அப்புறம் 120, 240, 400 என்று உப்புத்தாள்.

எல்லோரும் மறப்பது நட்டை. ஃப்ரெட்டின் உயரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போய்விட்டதல்லவா, நட்டின் பள்ளத்தையும் அதே அளவு இறக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நான்கு இடங்களில் விரல் வலிக்கும், சுருதியும் ஏறிப் பேசும்.

மாஸ்க் கட்டாயம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிக்கும், மூச்சு இரைக்கும். ஆசாரி அண்ணன் முப்பது வருடம் மாஸ்க் இல்லாமல் வேலை செய்தவர், இங்கே வந்துதான் போடத் தொடங்கினார். இப்போதும் திட்டிக்கொண்டேதான் போடுகிறார்.

நாங்கள் செய்துதர 9,000 ரூபாய்.

எப்படி அனுப்புவீர்கள்?

தமிழ்நாட்டுக்குள் ஆம்னி பஸ் பார்சல். ராத்திரி ஏற்றினால் காலையில் நீங்களே போய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். வெளி மாநிலத்துக்கு கூரியர், வெளிநாட்டுக்கு விமானப் பார்சல், இரண்டுக்கும் மரச்சட்டம் அடித்துத்தான். தந்தியை முழுக்கத் தளர்த்துவதில்லை, ஒரு முழு ஸ்வரம் இறக்கி அனுப்புவோம். வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒருநாள் அறையில் வையுங்கள். கஷ்டம்தான், தெரியும்.

பிடிக்கவில்லை என்றால்? பிறகு விற்றால் என்ன விலை போகும்?

பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், முன்பணம் போக மீதியைத் தருகிறேன். விற்பதைப் பற்றி: பெரிய கம்பெனிப் பெயர் தலையில் இல்லாத பேஸுக்கு மறுவிற்பனை விலை குறைவுதான். அதுவும் ஃப்ரெட்லெஸ்ஸுக்கு வாங்கும் ஆளே குறைவு. முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். விற்கும்போது எனக்குச் சொன்னால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பார்ப்பேன், அதற்குக் கமிஷன் இல்லை.

நேரில் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும், பத்து மணிக்கு மேல். இரண்டு பேஸ் எப்போதும் வாசிப்பதற்கென்று வைத்திருக்கிறோம், ஒன்று கோடு போட்டது, ஒன்று போடாதது. உங்கள் ஆம்ப்பைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. உப்புத்தாள் ஓடும் நேரத்தில் வந்தால் சட்டை சிவப்பாகிவிடும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.